பள்ளத்துத் தண்ணியில மருந்தும் மல்ச்சிங் சீட்டும்: எதைச் சோதிக்கச் சொல்லிக் கேக்கணும்?

வேலந்தாவளம் தோட்டக்காரி எழுதியது:

வணக்கமுங்க. எங்க தோட்டம் வேலந்தாவளம் பக்கம், எல்லைக்கு இந்தப் புறம், பாலக்காடு மாவட்டம். தக்காளி, மிளகாய், பந்தல்ல பாகல், மேட்டுல தென்னை. தோட்டத்துக்கு வடபுறம் ஒரு பள்ளம் ஓடுது. கெழக்க தமிழ்நாட்டுத் தோட்டங்கள்ல பேயற மழையும் எங்க மழையும் அதுல எறங்கி கோரையாத்துக்குப் போகுது. கோரையாறு கல்பாத்திப் புழையில சேரும். கல்பாத்தியும் கண்ணாடிப் புழையும் பறளியில கலந்து பாரதப்புழையாகி பொன்னானியில கடலுக்குப் போகும். எங்க பள்ளத்துல விழுகறது எதுவும் எங்களோட நிக்கறதில்லைங்க, அத்தனை ஊர்க்காரங்களும் அதை வாங்கிக்கறாங்க.

ஐப்பசி மழைக்கு அப்புறம் தடுப்பணையில தூர் எடுத்தாங்க. வாரிப் போட்ட வண்டல் காஞ்சதும் பாத்தா அதுல வட்டம் வட்டமா பிளாஸ்டிக். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு, டம்ளர் வாயளவு. களை வராம இருக்கப் பாத்தி மேல விரிக்கற மல்ச்சிங் சீட்டுல நாத்து நடறதுக்கு ஓட்டை போட்டப்ப விழுந்த துண்டுங்க அது. உக்காந்து கணக்குப் போட்டேன். 5 அடிக்கு ஒரு பார், ஒன்றரை அடிக்கு ஒரு நாத்துன்னா ஏக்கருக்கு 5,800 ஓட்டை வருது. அந்த 5,800 வட்டத்தையும் யாரும் பொறுக்கி எடுக்கறதில்ல. காத்துக்குப் பறந்து வரப்போரம் ஒதுங்கும், மழைக்குப் பள்ளத்துல எறங்கும். எங்க தோட்டத்துலயும் சீட்டு போடறோம். அதனாலதான் இதைச் சும்மா பாத்துட்டுப் போக மனசு வரலை.

வட்டமாவது கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு வெள்ளாமைக்கு வெயில்ல கெடந்த சீட்டைக் கையில எடுத்தா அப்பளமாட்ட நொறுங்குது. பயிர் முடிஞ்சு உருவும்போது மண்ணுக்குள்ள பொதைஞ்ச ஓரம் அறுந்து உள்ளயே நின்னுக்குது, அடுத்த உழவுக்கு ரொட்டவேட்டர் அதைத் துண்டு துண்டாக்கிடுது. தக்காளிக்குக் கட்டற பிளாஸ்டிக் நூலு, உரச்சாக்குல இருந்து பிரியற வெள்ளை நாரு, எலி கடிச்ச சொட்டுநீர் டியூப்பு, எல்லாமே அந்த வண்டல்ல இருக்குதுங்க.

இன்னொண்ணு. மேல ஒரு தோட்டத்துல மருந்தடிச்ச அன்னைக்கு ராத்திரியே மழை கொட்டுச்சு. விடிஞ்சு பாத்தா பள்ளத்துக் குழியில அயிரை, கெண்டைக் குஞ்சு, கூனி எறா எல்லாம் செத்து மெதக்குது. எங்க மாமியாரு இந்த வீட்டுக்கு வந்த காலத்துல இந்தப் பள்ளத்துல ஊத்துத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணி மோந்திருக்காங்க. இப்ப மாட்டுக்குக் காட்டவே அவங்க யோசிக்கறாங்க.

தண்ணியை ஒரு பரிசோதனை நிலையத்துல கொடுத்தோம். உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் அளவுக்குள்ள இருக்குன்னு தாள் வந்துச்சு. மீன் செத்த தண்ணி எப்படிங்க நல்ல தண்ணியாகும்? பூச்சிமருந்தும் பிளாஸ்டிக்கும் பாக்கறதுக்கு என்னன்னு கேக்கணும், எங்க கொடுக்கணும், எப்படி எடுத்துட்டுப் போகணும்? அதுவரைக்கும் எங்க தோட்டத்தளவுல என்ன செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


எச்சப் பரிசோதகர் எழுதியது:

அம்மா, வணக்கம். கோவையில் பூச்சிக்கொல்லி எச்சங்களைப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு வந்த தாள் பொய்யில்லை. நீங்கள் கொடுத்தது பொதுப் பரிசோதனைக்கு. அதில் மருந்தைத் தேடவே மாட்டார்கள். தேடாத பொருள் தாளில் வராது.

மருந்தைப் பாருங்கள் என்று கேட்டால்கூட ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. அதன் 2012 பதிப்பில் பூச்சிக்கொல்லிப் பட்டியல் ஒன்று உண்டு. டி.டி.டி., ஆல்ட்ரின், எண்டோசல்பான், மீத்தைல் பாரத்தியான், போரேட், மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான், குளோர்பைரிபாஸ், அட்ரசின், 2,4-டி என்று போகும். படித்துப் பார்த்தால் உங்கள் மாமனார் காலத்து மருந்துக்கடை கண்முன் வரும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. போரேட் 2020 முடிவோடு நாடு முழுவதும் தடையாகிவிட்டது. ஆனால் இன்று தக்காளியில் வெள்ளை ஈக்கும் காய்ப்புழுவுக்கும் அடிக்கிற இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், குளோராண்ட்ரானிலிப்ரோல், லாம்டா சைஹலோத்ரின் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. களைக்கொல்லி கிளைபோசேட்டும் இல்லை. "தரத்தின்படி பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் பள்ளத்தில் இன்றைக்கு ஓடுகிற மருந்தைத் தொடாமலே "அளவுக்குள் உள்ளது" என்று ஒரு தாள் வாங்கலாம்.

ஆகவே முதல் வேலை ஆய்வகத்துக்குப் போவதில்லை. மேலேயும் கீழேயும் உள்ள தோட்டக்காரர்களிடம் போய், இந்தப் பருவத்தில் யார் எதை அடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைப்பெயரை எழுதினால் போதாது. பாட்டிலைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கிற வேதிப்பெயரைப் பாருங்கள். அந்த நோட்டைக் கொடுத்து, "இந்தப் பெயர்களைத் தேடுங்கள்" என்று கேளுங்கள். கிளைபோசேட்டை மற்ற மருந்துகளோடு சேர்த்து ஒரே ஓட்டத்தில் பார்க்க முடியாது, அதற்குத் தனி முறை, தனிக் கட்டணம். அந்த மாதிரியை எந்தப் பாட்டிலில் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே என்றால், கேரளத்தில் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் எச்சப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. உங்களுக்குக் கிட்டத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகம். நீர் சம்பந்தமாகக் கோழிக்கோடு குன்னமங்கலத்தில் நீர்வள மையமும் உண்டு. தண்ணீர் மாதிரி எடுக்கிறார்களா, எவ்வளவு நுணுக்கமாக அளப்பார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். ஐரோப்பாவில் குடிநீரில் எந்த ஒரு மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நம் தரத்தில் குளோர்பைரிபாஸ் ஒன்றுக்கே 30 மைக்ரோகிராம் வரை விட்டிருக்கிறார்கள். ஆய்வகம் எந்த அளவு வரை இறங்கிப் பார்க்கும் என்று கேட்காவிட்டால், "கண்டறியப்படவில்லை" என்ற வரிக்கு அர்த்தமே இல்லை.

மாதிரியை எப்போது எடுக்கிறீர்கள் என்பது எங்கே கொடுக்கிறீர்கள் என்பதைவிட முக்கியம். மருந்தடித்த பிறகு வருகிற முதல் பெருமழையில், பள்ளம் கலங்கலாக ஏறும்போது எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தெளிந்த தண்ணீரை எடுத்தால் வந்தது போய்விட்டிருக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில், கழுத்து வரை நிரப்பி, வெயில் படாமல், ஐஸ் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சில மருந்துகள் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரோடு வண்டலும் ஒரு கண்ணாடிச் சாடியில் எடுங்கள். இமிடாகுளோபிரிட் நன்றாகக் கரையும், லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல். அது தண்ணீரோடே ஓடிவிடும். சைஹலோத்ரின் மாதிரி மருந்து தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து தடுப்பணையில் படியும். தண்ணீரை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

மீன் செத்தது பற்றி ஒன்று கேட்க வேண்டும். பெரிய மீனா, குஞ்சா? விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்ததா? எரு, யூரியா கலந்து பாசி பெருகிய தண்ணீரில் விடியற்காலையில் உயிர்வளி தீர்ந்துபோகும். அப்போது பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் சாகும். குஞ்சு, கூனி, நீர்ப்பூச்சி எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் மருந்தின் மேல்தான் சந்தேகம் போகும். மீனைவிட இறாலும் தட்டான் புழுவும் சைஹலோத்ரின் வகைக்கு வெகு சீக்கிரம் விழுந்துவிடும்.


பெருமாட்டி விவசாயி எழுதியது:

அக்கா, எங்க பஞ்சாயத்து பெருமாட்டி. பிளாச்சிமடை இருக்கற பஞ்சாயத்து. மேல சார் சொன்ன "தேடாதது தாள்ல வராது"ங்கறதை நாங்க பட்டுத் தெரிஞ்சுகிட்டோம்.

2000-த்துல இங்க குளிர்பான ஆலை வந்துச்சு. நிலத்தடித் தண்ணி எறங்கினதைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். அந்த ஆலையில மிஞ்சின கசடை எருன்னு சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்ததைப் பத்தி அவ்வளவா பேசறதில்ல. தென்னைக்கும் நெல்லுக்கும் போட்டாங்க. 2003-ல பிபிசி வானொலிக்காரங்க அந்தக் கசடை எடுத்துப் பாத்தப்பதான் அதுல ஈயமும் காட்மியமும் இருக்கறது வெளிய வந்துச்சு. எருன்னு வந்த ஒண்ணுல ஈயம் இருக்கான்னு அதுக்கு முன்னால யாருக்குத் தோணும்? 2004 மார்ச்சுல ஆலை நின்னுச்சு. 2010-ல அரசு போட்ட உயர்மட்டக் குழு 216.26 கோடி ரூபா சேதம்னு கணக்குச் சொல்லுச்சு. அந்தப் பணத்துக்கு இன்னும் இங்க போராடிட்டு இருக்காங்க.

அதனால சொல்றேன், தோட்டத்துக்குள்ள வர்ற ஒவ்வொண்ணும் எங்க இருந்து வருதுன்னு எழுதி வைங்க. மருந்து மட்டுமில்ல, லாரியில வர்ற எருவும். உங்க பக்கம் தென்னைக்குக் கோழி எரு போடறாங்கதானே? பல்லடம், உடுமலைப் பக்கப் பண்ணைகள்ல இருந்து வருது. கோழிக்குத் தீவனத்தோட என்ன மருந்து கொடுத்தாங்களோ அதுல ஒரு பங்கு எச்சத்தோட உங்க தோட்டத்துக்கு வரும்.

களைக்கொல்லி விசயமும் இருக்கு. கிளைபோசேட்டை கேரளாவுல 2019 பிப்ரவரியிலயே விக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, திருவல்லாவுல மருந்தடிச்ச ரெண்டு தொழிலாளிங்க செத்ததுக்கு அப்புறம். ஆனா எல்லையில பள்ளம் ரெண்டு மாநிலத்துக்கும் பொது. ஒரு கரைக்குச் சட்டம் போட்டா தண்ணிக்குத் தெரியாது. உங்க நோட்டுல மேல் தோட்டத்துக்காரங்க பேரும் இருக்கணும், சண்டையா இல்லாம உறவாப் போய்க் கேளுங்க. எங்க ஊர்ல நோட்டைக் கொண்டுபோனது பெரியவங்க இல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அவங்க கேட்டா யாரும் பாட்டிலை மறைக்கல.


வேலந்தாவளம் தோட்டக்காரி எழுதியது:

சார், தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றிங்க. செத்தது பூராவும் சின்னதுங்க சார். அயிரை, குஞ்சு, கூனி. கரையோரம் நீர்ப்பூச்சிங்களும் கவுந்து கெடந்துச்சு. பெரிய மீன் அந்தக் குழியில இருந்ததே இல்ல, அதனால அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியல.

கோழி எரு நாங்களும் வாங்கறோம். அதுல என்ன பாக்கணும்? அப்புறம் சீட்டு. பழைய சீட்டை யாரும் வாங்கறதில்லைங்க. மண்ணு ஒட்டி கனமா இருக்குன்னு பழைய இரும்புக் கடைக்காரர் வேண்டாங்கறார், வீட்டுப் பிளாஸ்டிக் எடுக்க வர்ற அக்காமாரும் அதைத் தொடறதில்ல. இங்க நெறையப் பேரு வரப்புலயே தீ வெச்சுடறாங்க, அந்தப் புகையில ஒரு பொழுது நிக்க முடியாது. "மக்கும் சீட்டு"ன்னு ஒண்ணு விக்கறாங்களே, அது நெசமாவே மக்குமா?


பொள்ளாச்சித் தோப்பு எழுதியது:

அம்மிணி, நான் பொள்ளாச்சிப் பக்கம். தக்காளியும் போட்டிருக்கேன், இப்ப தென்னையும் கத்திரியும். சீட்டு விசயத்துல நான் செய்யறதைச் சொல்றேன்.

சீட்டு வாங்கறப்ப மலிவுன்னு மெல்லிசு வாங்காதீங்க. 20 மைக்ரானுக்குக் கீழ போனா உருவறப்ப கையோட வராது, கிழிஞ்சு மண்ணுல நிக்கும். 30-ல வாங்கினா ரெண்டு வெள்ளாமை நின்னு, முழுசா சுருட்டவும் முடியும். உருவறதுக்கு மொதநாள் தண்ணி விட்டு மண்ணை எளக்கிக்கோங்க, ரெண்டு ஓரத்தையும் மம்புட்டியால தள்ளிட்டுச் சுருட்டினா அறுக்காது. சுருட்டினதைக் கம்பியில போட்டு ரெண்டு மூணு நாள் காயவிட்டு உதறினா மண்ணு முக்காவாசி கொட்டிடும். மண்ணு இல்லாம, கட்டுக் கட்டா, பத்துப் பதினஞ்சு தோட்டத்துது சேந்தா எடுக்க ஆள் வர்றாங்க. ஒரு ஆளு ஒரு மூட்டை கொண்டுபோனா திருப்பித்தான் அனுப்புவாங்க.

ஓட்டை போடறப்ப வட்டத்தை முழுசா வெட்டி எடுக்கறதை விட்டுட்டேன். கத்தியில பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கீறல் போட்டு, நாலு காதையும் உள்ள மடிச்சுவிட்டு நடறோம். துண்டே விழாது. ஆளுங்க மொதல்ல மொணங்கினாங்க, அப்புறம் பழகிட்டாங்க. உங்க 5,800 வட்டத்துக்கு அதுதான் வழி.

மக்கும் சீட்டுன்னு விக்கறதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு சாதா பிளாஸ்டிக்குல ஒரு மருந்தைக் கலந்து வெயிலுக்குச் சீக்கிரம் நொறுங்கற மாதிரி செஞ்சது. அது மக்கறதில்ல, பொடியாகறது. ஐரோப்பாவுல அந்த வகையை 2019-ல சட்டம் போட்டு 2021-ல இருந்து தடை பண்ணிட்டாங்க. உங்க வண்டல்ல இருக்கறதை இன்னும் பொடியாக்கறதுக்குக் காசு கொடுத்த மாதிரி ஆயிடும். இன்னொண்ணு மண்ணுல இருக்கற நுண்ணுயிர் தின்னக்கூடியது. அதுக்கு மண்ணுக்குள்ள மக்கும்னு சான்று கேளுங்க. ஐரோப்பாவுல அதுக்குன்னு இ.என். 17033-ன்னு 2018-ல ஒரு தரம் வந்துச்சு, ரெண்டு வருசத்துக்குள்ள 90 சதம் மக்கணும். சான்று காட்டாத கடையில வாங்க வேண்டாம்.

நான் கத்திரிக்குச் சீட்டே போடறதில்ல. தென்னை மட்டையும் ஓலையும் பொடிச்சுப் போடறேன். களை முழுசா நிக்காது, ஒரு கைக்களை எடுக்கத்தான் வேணும். தென்னை இருக்கற வீட்டுல மட்டையை எரிச்சுட்டு பிளாஸ்டிக்கைக் காசுக்கு வாங்கறது எனக்கு ஒப்பல. நூலுக்குச் சணல் போட்டுட்டேன், கொஞ்சம் கூடத்தான் ஆகுது.

மருந்துப் பாட்டில் காலியானா மூணு தடவை அலசி, அலசின தண்ணியைத் தெளிப்பான் டேங்குக்குள்ளயே ஊத்தி அடிச்சிடணும். டேங்கைப் பள்ளத்துல கழுவறதைப் பாத்தா நான் வாய்விட்டுச் சத்தம் போடுவேன், யாரா இருந்தாலும். 1971 பூச்சிக்கொல்லி விதிகள்ல 44-ஆவது விதியே இருக்கு, காலி டப்பாவும் கழுவின தண்ணியும் நீர்நிலைக்குப் போகக்கூடாதுன்னு. உங்க பள்ளத்துல ராத்திரி மீன் செத்ததுக்கு வயக்காட்டுல அடிச்ச மருந்து காரணமா, டேங்க் கழுவினது காரணமான்னும் விசாரிங்க. வயல்ல இருந்து மழையோட வர்றது பரவலா, கொஞ்சமா வரும். டேங்க்ல இருந்து ஊத்தறது ஒரே எடத்துல கெட்டியா எறங்கும்.

தோட்டத்துத் தண்ணி பள்ளத்துல எறங்கற மூலையில ஒரு குழி வெட்டுங்க, ஆள் நீளம், முழங்கால் ஆழம். அதுக்குக் கீழ ரெண்டு வரிசை வெட்டிவேர். வண்டலும் பிளாஸ்டிக் துண்டும் குழியில நின்னுடும்.


எச்சப் பரிசோதகர் எழுதியது:

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன குழியை நானும் வற்புறுத்துகிறேன். மண்ணில் ஒட்டுகிற மருந்தை அது நிறுத்தும். கரைந்து போகிற இமிடாகுளோபிரிட்டை நிறுத்தாது, அதற்கு அடிக்கிற அளவைக் குறைப்பதும் மழை மேகம் கூடியிருக்கும் நாளில் அடிக்காமலிருப்பதும்தான் வழி. குழியில் சேர்ந்த வண்டலை வாரித் திரும்பக் காய்கறிப் பாத்தியில் போட்டுவிடாதீர்கள்.

கோழி எருவைப் பற்றி. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, ஆடு, மாடு, மீன் வளர்ப்பில் 2019 ஜூலையில் நம் அரசு தடை செய்தது, மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற நுண்ணுயிர்க்கொல்லி அது என்பதால். டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்றவை புழக்கத்தில் இருக்கின்றன. எருவைப் பச்சையாகப் போடாமல், மேலே கூரை போட்டுக் குவித்து, சூடேறிப் புரட்டிப் புரட்டி மக்கவிட்டால் டாக்சிசைக்ளின் வகை நன்றாகக் குறையும். என்ரோஃப்ளாக்சசின் வகை லேசில் போகாது. திறந்தவெளியில் குவித்துவைத்தால் மழைக்கு வடிந்து நேரே பள்ளத்துக்குத்தான் போகும். விற்கிறவரிடம் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

பிளாஸ்டிக் துணுக்கை நீங்களே வீட்டில் ஓரளவு பார்க்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நுண்பிளாஸ்டிக் என்பார்கள். வண்டலைக் காயவைத்து உதிர்த்துச் சல்லடையில் சலியுங்கள். லிட்டருக்கு 350 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்த உப்புத் தண்ணீரில் ஒரு கை வண்டலைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கிவிட்டு ஒரு இரவு விடுங்கள். மல்ச்சிங் சீட்டும் சொட்டுநீர் டியூப்பும் உரச்சாக்கு நாரும் தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக், மேலே மிதக்கும். பி.வி.சி. குழாய்த் துகள் கனமானது, அடியில் தங்கிவிடும். மிதப்பதை வெள்ளைத் துணியில் வடித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சருகும் மிதக்கும், சூடான ஊசியைத் தொட்டால் பிளாஸ்டிக் சுருங்கும், சருகு கருகும்.

வேம்பநாட்டுக் காயலின் அடிவண்டலில் நுண்பிளாஸ்டிக் பற்றி 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. எடுத்த எல்லா இடத்திலும் இருந்தது, சதுர மீட்டருக்குச் சராசரி 250-க்கு மேல், அதிகமாக இருந்தது எல்.டி.பி.இ. என்ற மெல்லிய பாலித்தீன் வகை. கடையில் கொடுக்கிற பையும் அந்த வகைதான், மல்ச்சிங் சீட்டும் அந்தக் குடும்பம்தான். எது எங்கிருந்து வந்தது என்று காயலில் போய்ப் பிரிக்க முடியாது. உங்கள் தடுப்பணையில் பிரிக்க முடியும், ஏனென்றால் அதற்கு மேலே இருப்பது தோட்டங்கள் மட்டும்தான். உங்கள் கணக்குக்கு அந்த மதிப்பு இருக்கிறது. ஒரே அளவு வண்டலை தடுப்பணைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று எடுத்து எண்ணி வையுங்கள்.


வேலந்தாவளம் தோட்டக்காரி எழுதியது:

சார், நோட்டு போட்டாச்சுங்க. தம்பி சொன்ன மாதிரி எங்க பையனும் அவன் சிநேகிதப் பிள்ளைங்களும் பள்ளத்தோரமா எல்லாத் தோட்டத்துக்கும் போயிட்டு வந்தாங்க. மேல எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியப்பா பாட்டிலெல்லாம் எடுத்துக் காட்டினதோட, அவரு கெணத்துத் தண்ணியையும் சேத்துப் பாக்க முடியுமான்னு கேட்டாராம். எல்லா பாட்டில்லயும் வேதிப்பேரு இருந்துச்சு, ரெண்டுல மட்டும் லேபிலே இல்ல. அந்த ரெண்டையும் கடைச் சீட்டை வெச்சுக் கண்டுபிடிக்கப் பாக்கறோம்.

கோவைக்குப் போன் பண்ணினேன். எந்த மருந்துன்னு பட்டியல் இருந்தா பேசிக்கலாம்னு சொன்னாங்க. பாட்டிலும் ஐஸ் பெட்டியும் தயாரா இருக்கு. மருந்தடிக்கறவங்க முன்கூட்டியே சொல்றேன்னு ஒத்துக்கிட்டாங்க, மழைதான் வரணும். ஒரே ஒரு சந்தேகமுங்க. ராத்திரி மழை வந்து பள்ளம் ஏறுச்சுன்னா அப்பவே எடுத்துடறேன், ஆனா காலைல பஸ் ஏறி கோவை போய்ச் சேர மதியமாயிடும். அதுவரைக்கும் ஐஸ்ல வெச்சா போதுமா, இல்ல பிரிட்ஜ்லயே வெச்சிருந்து அடுத்த நாள் கொண்டுபோகலாமா?


எச்சப் பரிசோதகர் எழுதியது:

ஐஸில் இருந்தால் மதியம் வரை ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் என்றாலும் பிரிட்ஜில், உறையாமல், 4 டிகிரியில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும். பாட்டிலின் மேல் எடுத்த நேரம், மழை தொடங்கிய நேரம், கடைசியாக மருந்தடித்த நாள் மூன்றையும் பென்சிலில் எழுதி ஒட்டுங்கள், பேனா மை ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடும். பெரியப்பா கிணற்றுத் தண்ணீரைத் தனிப் பாட்டிலில், அதே நாளில் எடுங்கள்.